குடை பிடித்த தவளைப் பாவாடை

“யம்மா! தவளை! தவளை!”

ஜீவா போட்ட கூச்சலில் வீடே கிடுகிடுத்தது.

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அப்பா தமிழரசு, கையில் பாதி மூடியோடு ஓடி வந்தார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அக்கா மதிவதனி துடைப்பத்தோடு ஓடி வந்தாள். ஐந்து வயது ஜீவா மட்டும் எங்கேயும் ஓடவில்லை. கட்டில்மேல் ஏறி நின்று, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

“எங்கடா கீது?” என்றார் அப்பா.

“அம்மா பையில!”

“எத்தினி?”

“நூறு!”

மழைக்காலத்தில் அம்பத்தூர் மேனாம்பேட்டு வீடுகளுக்குள் தவளை வருவது புதிதல்ல. போன வாரம்கூட ஒன்று அப்பாவின் செருப்புக்குள் சுகமாகப் படுத்திருந்தது. அவர் காலை விட்டதும் இரண்டு பேருமே துள்ளிக் குதித்தார்கள். ஆனால், நூறு தவளையா?

அப்பா துடைப்பத்தை வாங்கி, அதன் பிடியால் பையை மெல்லத் தள்ளினார். பை சாய்ந்தது. உள்ளே இருந்து தவளைகள் சரிந்து விழுந்தன.

ஒன்றுகூடக் குதிக்கவில்லை. எல்லாமே துணியில் அச்சடித்த தவளைகள்!

இளநீல நிறத் துணி. அதில் வரிசை வரிசையாகக் குண்டுத் தவளைகள். ஒவ்வொன்றும் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, ஆளுக்கொரு சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சில தவளைகள் மழைக்காலணிகூடப் போட்டிருந்தன.

முகம் கழுவிவிட்டு வந்த அம்மா வசந்தா, துண்டும் கையுமாக நின்றாள்.

“இன்னாய்யா, என் பைகூட சண்டை போட்டுகினு கீறீங்க?”

“உன் புள்ளைதான்! நான் வேற பாம்பு கீம்பு வந்துடப் போவுதுன்னு பயந்தே பூட்டேன்” என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்கு உடை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. மிச்சமான துணிகளை அன்று சீட்டுக் குலுக்கி எல்லோருக்கும் கொடுத்தார்களாம்.

“அல்லாருக்கும் கோடு போட்டது, கட்டம் போட்டதுன்னு வந்துச்சி. எனக்கு மட்டும் தவளை. ‘ஊட்டுக்கு இட்டுகினு போய் சோறு போடுக்கா’ன்னு ஒரே கிண்டல்.”

மதி அந்தத் துணியை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“அம்மா! என் பொறந்த நாளுக்கு இதுல குடைப் பாவாடை தைச்சிக் குடு!”

மதியின் பள்ளியில் பிறந்த நாளன்று மட்டும் சீருடை போட வேண்டாம். வண்ண உடையில் போகலாம். மதியின் பிறந்த நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

இந்த ஆசைக்குப் பின்னால் வேறொரு விஷயமும் இருந்தது. ஒரு மாதம் முன்பு வகுப்பில், “எங்க அம்மா ஃபாரின்காரங்களுக்கே டிரஸ் தைக்கிறாங்க” என்று மதி பெருமையடித்திருந்தாள். உடனே பின்பெஞ்சு வெற்றிச்செல்வன், “அப்ப ஏன் உனக்கு ஒண்ணுகூட தைச்சித் தர்ல? பொறந்த நாளுன்னா ரெடிமேடுதானே போட்டுகினு வர்ற?” என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது.

“என் பொறந்த நாளைக்குப் பாரு” என்று சவால் விட்டிருந்தாள் மதி.

அம்மா துணியை வாங்கி மெதுவாக மடித்தாள்.

“டெய்லர்கிட்ட குடுத்துடலாமே மதி.”

“நீயே டெய்லர்தானம்மா!”

அம்மா மடித்த துணியைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“சரி, ஞாயித்துக்கிழமை பாக்கலாம்” என்றாள்.

ஞாயிறு வரை மதி சும்மா இருக்கவில்லை. அம்மாவின் உள்பாவாடை ஒன்றைத் தரையில் விரித்து, முட்டிபோட்டு ஆராய்ந்தாள். அது ஆறு துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் மேலே குறுகலாக, கீழே அகலமாக இருந்தது. ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால், இடுப்பில் ஒட்டி நின்று, கீழே குடை மாதிரி விரிகிறது.

“இதுக்குப் பேர் ஆறு கலி” என்றாள் அம்மா. அந்தப் பேர் மதிக்குப் பிடித்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக ‘ஆறு கலி’ என்று எழுதி, கீழே ஒரு பாவாடை வரைந்தாள். பழைய செய்தித்தாளில் தன் அளவுக்கு ஆறு துண்டுகள் வெட்டினாள். ஞாயிறு காலை அவற்றைத் தவளைத் துணியின்மேல் அடுக்கினாள்.

நாலுதான் உட்கார்ந்தது.

துணி ஒரு மீட்டர்கூட முழுசாக இல்லை. அகலமான பக்கங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. குறுகலான பக்கங்களுக்கு நடுவில் இடம் வீணாகக் கிடந்தது.

“நாலு துண்டுல தைச்சா உள்ள நுழையவே முடியாது. ஜீவாவுக்குத்தான் சரியா இருக்கும்” என்றாள் மதி.

“எனக்கு வாணாம்! கடிக்கும்!” என்று கட்டிலடியில் இருந்து குரல் வந்தது.

மதி அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். பக்கத்துத் துண்டின் அகலம் இதன் குறுகலோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக...

ஆறும் உட்கார்ந்துவிட்டது! ஓரத்தில் ஒரு நீளப் பட்டைத் துணி மிச்சம்கூட இருந்தது.

“அம்மா! நைனா! சீக்கிரம் வாங்க!”

அப்பா வந்து பார்த்தார். “பாத்தியா வசந்தா? என் மூளை!”

“உன் மூளைன்னா ஜீவா மாதிரி கட்டிலடியில பூந்துகினு இருந்திருக்கும்” என்றாள் அம்மா. ஆனால் அவள் முகமும் மலர்ந்திருந்தது. மதி சொன்ன இடத்தில் எல்லாம் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

கரக், கரக், கரக்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ஆறு துண்டும் தயார்.

மதி அவற்றைத் தரையில் வட்டமாக அடுக்கினாள். குறுகல் எல்லாம் உள்ளே, அகலம் எல்லாம் வெளியே. நடுவில் நின்று கைதட்டினாள். ஜீவா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கட்டிலடியில் இருந்து தலையை நீட்டினான்.

“அக்கா, இந்தத் தவளைங்க மட்டும் ஏன் கீழ உழுது?”

“எதுடா?”

“இதோ... இதோ... இதோ.”

மதி பார்த்தாள். கைதட்டல் நின்றது.

மூன்று துண்டுகளில் தவளைகள் நிமிர்ந்து நின்று குடை பிடித்தன. மற்ற மூன்றில் தலை கீழே, கால் மேலே. குடையைக் கெட்டியாகப் பிடித்தபடி தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தன.

உள்பாவாடைத் துணியில் படம் கிடையாது. அதை எப்படித் திருப்பி வெட்டினாலும் ஒன்றுதான். தவளைக்குத்தான் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று இருக்கிறதே! இந்த மூன்றைத் திருப்பி வைத்தால் தவளை நிமிரும். ஆனால் அகலமான பக்கம் இடுப்புக்கு வந்துவிடும்.

மதி ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். “நான்தான்மா திருப்பி வெச்சேன். என் தப்பு.”

“வெட்னது நான்டி. ஒரு தபா பாத்துட்டு வெட்டியிருக்கணும். என் தப்பு.”

“இல்ல, என் தப்பு!”

“தப்புக்கு இவ்ளோ போட்டியா?” என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை என்றதும், தேங்காய் துருவப் போவது போலப் போய்விட்டார்.

அம்மா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான் டெய்லரே இல்ல மதி.”

“இன்னாம்மா சொல்ற? நீ கம்பெனியில...”

“கம்பெனியில ஒரு லைனுக்கு நாப்பது பேரு. ஒருத்தி காலர் தைப்பா, ஒருத்தி கை தைப்பா, ஒருத்தி பட்டனுக்கு காஜா எடுப்பா. எனக்கு வர்றது பாக்கெட்டு. யாரோ வெட்டித் தருவாங்க, நான் தைச்சி அடுத்தவகிட்ட தள்ளுவேன். பன்னண்டு வருசமா பாக்கெட்டுதான். ஒரு முழு சட்டைய நான் தைச்சதே இல்ல.”

மதிக்கு, ‘நீயே டெய்லர்தானம்மா’ என்று தான் சொன்னதும், அம்மா துணியைத் திரும்பத் திரும்ப மடித்ததும் நினைவுக்கு வந்தன.

“வுடு. வியாழக்கிழமை பொறந்த நாளு. நாளைக்கி சாயங்காலம் ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட கீற கடைக்குப் போய் நல்ல ரெடிமேடா வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அம்மா, கிழிசல் தைக்க மட்டும் வீட்டில் வைத்திருந்த தையல் மெஷினுக்கு மூடியைப் போட்டாள்.

அந்த மூடி ‘டொக்’கென்று விழுந்த சத்தம் மதிக்குப் பிடிக்கவே இல்லை. வெற்றிச்செல்வன் சிரிப்பான், சரி. அது போகட்டும். ஆனால் அம்மா இனிமேல் கத்தரியைத் தொடவே மாட்டாளே!

மறுநாள் மாலை. அம்மா வேலை முடிந்து வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வெளியே மழை கொட்டியது. மதி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆறு துண்டுகளையும் மடியில் பரப்பி வைத்திருந்தாள். குறுகலான பக்கம் இடுப்பருகே, அகலமான பக்கம் முட்டியருகே. போட்டுப் பார்ப்பது போல் ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

ஜீவா எதிரே வந்து உட்கார்ந்தான். துணித்தவளை கடிக்காது என்று அவனுக்கு ஒருவழியாக நம்பிக்கை வந்திருந்தது.

“இந்தத் தவளை நல்ல தவளை. நேரா நிக்குது” என்று ஒரு துண்டைத் தொட்டான்.

மதி குனிந்து பார்த்தாள். “டேய், அது தலைகீழா கீது.”

“இல்ல. நேரா கீது.”

“தலைகீழா கீதுடா! இதோ, இதுதான் நேரா கீது.” பக்கத்துத் துண்டைக் காட்டினாள்.

“அய்யே! அக்காவுக்கு ஒண்ணியும் தெர்ல. அதுதான் தலைகீழு!”

“உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?”

“உனக்குத்தான் கெட்டுப்போச்சி!”

ஜீவாவின் காதைத் திருகக் கையை நீட்டிய மதி, பாதியில் நிறுத்தினாள். துண்டைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஜீவாவைப் பார்த்தாள். எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

பிறகு ஜீவாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளி, “நீ அறிவாளிடா!” என்றாள். எதற்குக் கிள்ளு, எதற்குப் பாராட்டு என்று தெரியாமல் ஜீவா முழித்தான்.

அம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததுதான் தாமதம், மதி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். துண்டுகளை அவள் மடியில் பரப்பினாள்.

“குனிஞ்சி பாரும்மா. எந்தத் தவளை நேரா கீது?”

“ஈரத்தோட உக்கார வெச்சி இன்னாடி இது...” அம்மா குனிந்தாள். ஒரு துண்டைத் தொட்டாள். “இது.”

“இப்ப நான் உன் எதிர்ல நிக்கிறேன். எனக்கு அது தலைகீழா தெரியுது. பக்கத்துல கீதே, அதுதான் எனக்கு நேரா தெரியுது!”

அம்மா மதியைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.

“நம்ம டிரஸ்ல எந்தப் படம் இருந்தாலும், போட்டுகினு கீற நமக்கு மட்டும் அது தலைகீழாத்தாம்மா தெரியும். பாக்கிறவங்களுக்குத்தான் நேரா தெரியும். இந்தப் பாவாடையில மட்டும் மூணு தவளை வரிசை பாக்கிறவங்களுக்கு, மூணு வரிசை எனக்கு!”

அம்மா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல, “தலைகீழா கீறத எல்லாம் பின்னால வெச்சிடலாமா? யாருக்கும் தெரியாது” என்றாள்.

“அய்யய்யோ, பின்னால வெச்சா நான் எப்பிடிப் பாக்கிறது? ஒண்ணு விட்டு ஒண்ணு வைம்மா!”

அடுப்படியில் இருந்து வந்த அப்பா மெஷின் மூடியைத் தூக்கிக் கீழே வைத்தார். “தவளைக்கு எல்லாம் நாயம் கெடைச்சிப்போச்சி. தை வசந்தா.”

அன்று இரவுச் சாப்பாடு அப்பா கையால் தக்காளி ரசமும் அப்பளமும். அம்மா தைத்தாள். ஒரு பக்கம் கோணலாக வந்தது, பிரித்தாள். மறுபடி தைத்தாள். இடுப்புப் பட்டைக்கு மிச்சமிருந்த நீளத் துணியே போதுமாக இருந்தது. பட்டையை எப்படிச் சுருக்கி வைப்பது என்று மதி உள்பாவாடையைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அம்மா கேட்டுக் கேட்டுச் செய்தாள். புதன்கிழமை சாயங்காலம் பாவாடைக்கு உருவம் வந்துவிட்டது.

“ஒரே ஒரு பாக்கெட் வெச்சா நல்லா இருக்கும்ல?” என்றாள் மதி.

அதைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடுப்புப் பட்டையில் மிஞ்சிய துணியை எடுத்தாள். மடித்தாள். மெஷின் ‘டர்ர்ர்’ என்று சீறியது. மதி கண்ணைச் சிமிட்டுவதற்குள் ஒரு பாக்கெட் தயார். இன்னொரு முறை சிமிட்டுவதற்குள் அது பாவாடையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு தையல்கூட விலகவில்லை.

மதி வாயைப் பிளந்தாள். “அம்மா! மறுபடி ஒரு தபா செய்யேன்!”

“துணி இல்லடி.”

“நைனா லுங்கியில வைம்மா!”

“அய்யோ, ஆள வுடுங்க!” என்று அப்பா லுங்கியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

இனி ஒரே ஒரு கவலைதான் பாக்கி. மழை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே மதி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் எல்லோரும் லீவு வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, அம்பத்தூரிலேயே மதி ஒருத்திதான் லீவு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு விடுமுறை என்று எழுத்து ஓடியது. ஆவடிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்பத்தூர் இருக்கும் சென்னை மாவட்டத்தின் பெயர் வரவே இல்லை.

“பள்ளிக்கூடம் கீது!” என்று அவள் குதித்த குதியை, உண்மையான தவளை பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

வகுப்புக்குள் நுழைந்ததுமே வெற்றிச்செல்வன் பார்த்துவிட்டான்.

“டேய், இங்க பாருங்கடா! பாதித் தவளை தலைகீழா தொங்குது! மதி, உங்கம்மா தூங்கிக்கினே தைச்சாங்களா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மதியின் காது சூடானது. ஆனால் அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“வெற்றி, இங்க வா. என் பக்கத்துல உக்காரு. இப்பக் குனிஞ்சி பாரு.”

வெற்றிச்செல்வன் சந்தேகத்தோடு உட்கார்ந்தான். குனிந்தான். தலையை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான்.

“ஏய்... இங்கிருந்து பாத்தா அதுங்கதான் நேரா கீது!”

“அதுங்க என்னைப் பாக்குற தவளைங்க. மத்ததுங்க உங்களைப் பாக்குற தவளைங்க. எங்கம்மா தைச்சது.”

வெற்றிச்செல்வன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். அதில் இருந்த பள்ளிச் சின்னம் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இத்தனை நாளும் அதை அவன் கவனித்ததே இல்லை போலும்.

“இத மட்டும் யாருமே எனக்கு நேரா தைச்சித் தர்லயே!” என்றான் ஏக்கமாக.

அப்புறம் மதியின் பெஞ்சில் இடம் பிடிக்கப் பெரிய தள்ளுமுள்ளு. ஜெயப்பிரியா மிஸ் உள்ளே வந்தபோது, மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்து குனிந்திருந்தார்கள்.

“இங்க என்ன தேடுறீங்க எல்லாரும்?” என்று கேட்டார் மிஸ். விஷயத்தைக் கேட்டதும், அவரும் ஒன்பதாவது ஆளாக எட்டிப் பார்த்தார். வேலைப்பாட்டுக்கு ஒரு ‘சபாஷ்’ வேறு சொன்னார்.

அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“யாராவது சிரிச்சாங்களா மதி?”

“மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் என் பக்கத்துல உக்கார அடிச்சிகிட்டாங்க. மிஸ் சபாஷ் சொன்னாங்கம்மா! ‘முழுப் பாவாடையும் உங்கம்மாவே தைச்சாங்களா’ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.”

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். சிரித்தாள். பிறகு, ஏதோ குறும்பு செய்து மாட்டிக்கொண்ட சின்னப் பெண்ணைப் போலப் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“இன்னாம்மா?” என்றாள் மதி.

“இன்னிக்கி சூப்பர்வைசர் லைனுக்கு வந்தாரு. ‘சாம்பிள் தைக்க ஆளு வேணும், முழு டிரஸ் தைச்சவங்க யாராவது கீறீங்களா’ன்னு கேட்டாரு...” அம்மாவின் குரல் தணிந்தது. “நான் கையத் தூக்கிட்டேண்டி!”